பழைய பிள்ளைக்காம்பராவில் கேட்ட என் குரல்

என் குரலைப் பற்றி இதுவரை யாரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. கொழுந்து அரைக்கும் ரோலருக்குள் சின்னக் கல்லொன்று மாட்டிக்கொண்டால் வருகிற சத்தம் என்பார் என் தகப்பனார். அவர் தேயிலைத் தொழிற்சாலையில், எங்கள் பேச்சில் ஸ்டோரில், ரோலரோடு காலம் கழித்தவர். ஆகவே அதை நிபுணர் கருத்தாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். என் கணவர் இன்னும் மரியாதையானவர். நான் தொலைபேசியில் பேசினால் கருவியைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொள்வார். மற்றபடி வாய் திறந்து குறை சொன்னதில்லை. இப்படியொரு குரல் உலகத்தில் ஒன்றுதான் இருக்க முடியும் என்பதில் இரண்டு வீட்டாருக்கும் கருத்து வேற்றுமை கிடையாது. அந்த ஒரே குரலை, பத்து வயதில் ஒரு மாலை, பனிமூட்டத்துக்குள் நின்றுகொண்டு, என் வாயை நான் திறக்காமலே கேட்டேன்.

எங்கள் தோட்டம் இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு மேலே இருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் பனி இறங்கிவிடும். எதிரே வருகிறவர் யார் என்று தெரியாமல், வருகிறவர் இருமினால் இருமலை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் ஊர். ஸ்டோருக்குப் போகும் பாதையோரம் ஒரு பழைய பிள்ளைக்காம்பரா இருந்தது. தாய்மார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற கட்டடம். மேலே புதிதாக ஒன்று கட்டிய பிறகு இதை நிர்வாகம் மறந்துவிட்டது. ஆனால் சேலைத்தொட்டில் கட்டிய இரும்புக் கொக்கிகள் மட்டும் கூரைக் கம்பியில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. காற்றடித்தால் அவை ஒன்றையொன்று உரசி, யாரோ பல்லைக் கடிப்பது போல ஒரு சத்தம் எழுப்பும். நாங்கள் எல்லாரும் ஒருகாலத்தில் அந்தக் கொக்கிகளில் தொங்கித் தூங்கியவர்கள்தான். வளர்ந்த பிறகு ஒருவரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

அதில்தான் டீச்சர் மாலைப் பள்ளிக்கூடம் நடத்தினார். எங்கள் தோட்டத்திலேயே பிறந்து உயர்தரம் பாஸ் பண்ணிய பெண். பள்ளிக்கூடம் ஊரே சேர்ந்து தொடங்கியது. பெட்டிப் பலகையில் பெஞ்சு அடித்துக்கொடுத்தவர் என் தகப்பனார். டவுனில் புடவைக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானா கரும்பலகை கொடுத்தார். டவுனிலேயே இருந்த ஒரு சங்கம் பயறு அனுப்பியது. காலையில் அரசாங்கப் பள்ளிக்கூடம், பின்னேரம் இது. அவித்த பயறைத் தின்றுவிட்டு வாய்ப்பாடு சொல்வோம். நாங்கள் பயறுக்காகப் போனோமா, வாய்ப்பாட்டுக்காகப் போனோமா என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

பணிய லயம் என்கிற கீழ் வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராவில் கோமதி இருந்தாள். அவளுடைய அப்பா கொழும்பில் ஹோட்டல் வேலைக்குப் போய், சில வருடம் கழித்துக் குச்சியாகத் திரும்பி வந்து, ஆஸ்பத்திரியிலேயே கிடந்து செத்துப்போனார். எய்ட்ஸ் என்ற சொல், அவர் உடம்பு ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்கு முன்பே மலையேறி வந்துவிட்டது. அம்மாவுக்கும் அதுதான் என்றார்கள். கோமதிக்கும் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று யாரும் கேட்கவில்லை. இருக்கிறது என்று லயத்தில் முடிவாகியிருந்தது. கொஞ்ச நாள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். அந்தக் கொஞ்ச நாள் முடிகிற பாடாக இல்லை.

டீச்சர் நேரே லயத்துக்குப் போய், கோமதியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து முதல் பெஞ்சில் உட்காரவைத்தார். பிறகு பெற்றோரைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார்.

"தொட்டா வராதுங்க. ஒண்ணா சாப்பிட்டா வராதுங்க" என்றார்.

"ஒரே பீலியில தண்ணி புடிச்சா?"

"வராதுங்க."

"நுளம்பு கடிச்சா?"

"அதுலயும் வராதுங்க."

"அப்ப என்னாதான் பண்ணுனா வரும்?" என்று கேட்டார் என் பெரியப்பா.

கல்யாணமாகாத பெண், ஊர் ஆண்கள் முன்னால் அதற்கு என்ன பதில் சொல்வாள்? டீச்சர் காது வரை சிவந்து, "அது வேற மாதிரி வரும்ங்க" என்றார். எல்லாரும் விளங்கிக்கொண்டதாகத் தலையாட்டினார்கள். மறுநாள் ஒரு பிள்ளையும் பள்ளிக்கூடம் போகவில்லை.

பெரியப்பாதான் இதில் முன்னுக்கு நின்றவர். அவர் எங்கள் தோட்டத்துக் கோடாங்கி. உடுக்கையடித்துச் சாமி வரவழைத்துக் குறி சொல்பவர், பேய்க்குப் பயப்படாதவர், நோய்க்கு மட்டும் நடுங்குவார். கோமதியின் அப்பாவும் அவரும் ஒன்றாகத் தப்படித்துத் திரிந்த கூட்டாளிகள். ஆனால் அவர் செத்த அன்றைக்குப் பெரியப்பாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. எழுந்திருக்கவே முடியாது என்று படுத்துவிட்டார். மறுநாள் காலை, மலைத் தண்ணீர் வந்து விழும் பீலிக்கரையில் குனிந்து நிமிர்ந்து வேட்டி துவைத்தார்.

டீச்சர் ஒருநாள் பீலிக்கரையில் அம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னது என் காதில் விழுந்தது. மாசக் கடைசியில் சங்கத்து ஆள் வந்து பார்ப்பாராம். பிள்ளைகள் இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தைப் பூட்டச் சொல்லிவிடுவாராம். பூட்டினால் பயறும் நிற்கும், கோமதியின் அம்மாவைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற சங்கத்து வேனும் நிற்கும்.

"அந்தப் புள்ளைக்கு வேற எடமே இல்லக்கா. ஒங்க மகளையாவது அனுப்புங்க."

"எனக்கு ஒரே பொம்பளப் புள்ள டீச்சர்" என்றாள் அம்மா. குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

எனக்குக் கோமதியைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. பயறைப் பற்றித்தான் இருந்தது. ஒரு மாலை அந்த வாசனை பாதை வரை வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போயிற்று. பனி தரையோடு ஊர்ந்துகொண்டிருந்தது. ஜன்னல்களில் தகரம் அடித்திருந்தார்கள். அதிலொரு நீளமான வெடிப்பு. நான் அதனடியில் போய் நின்றேன்.

உள்ளே டீச்சர் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வழக்கம்போல, ஒவ்வொரு பெஞ்சாக, நாங்கள் உட்காரும் வரிசையில். வெறும் பெஞ்சைப் பார்த்து ஒருத்தி இப்படிக் கூப்பிடுகிறாளே, பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"சிவபாலன்."

"வந்திருக்கேன் டீச்சர்" என்றது மூக்கால் பேசும் ஒரு குரல். சிவபாலனுக்கு எந்நேரமும் சளி. ஆனால் சற்றுமுன்தான் அவனை ஸ்டோருக்குப் பின்னால் டயர் உருட்டிக்கொண்டிருக்கக் கண்டுவிட்டு வந்திருந்தேன்.

பிறகு டீச்சர் என் பெயரைக் கூப்பிட்டார்.

"வந்திருக்கேன் டீச்சர்" என்றேன் நான். வெளியே நின்ற நான் அல்ல, உள்ளேயிருந்த நான். அதே ரோலர், அதே கல். 'டீச்சர்' என்பதைக் கடைசியில் தூக்கி முடிக்கிற அதே அசட்டு இழுப்பு.

மேலே கொக்கிகள் பல்லைக் கடித்தன. நான் ஓடினேன். வழியில் எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்: எப்போது செத்தேன்?

பேய் பேர் சொல்லி ஒரு தடவைதான் கூப்பிடும், மூன்றாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் ஏனென்று கேட்க வேண்டும் என்று எங்கள் லயத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்திருந்தார்கள். இங்கேயோ, ஒரே தடவை கூப்பிட்டதற்கு, என்னைக் கேட்காமலே என் குரல் பதில் சொல்லிவிட்டது. வீட்டுக்கு வந்து சில ஆராய்ச்சிகள் செய்தேன். கால் தரையில் பாவுகிறதா என்று பார்த்தேன், பாவியது. கொதிக்கும் தேத்தண்ணீரைக் குடித்தேன், நாக்கு வெந்தது. தம்பியைக் கிள்ளினேன், அழுதான். ஆனால் அவன் எதற்கும் அழுபவனாதலால் அந்தச் சாட்சியத்தை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

"என்னாடி, பேயறைஞ்சவ மாதிரி நிக்குற?" என்றாள் அம்மா. சொல்லிவிட்டேன்.

அம்மா என்னை அடிப்பாள் என்றுதான் நினைத்தேன். அடிக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. மறுநாள் கொழுந்து நிறுத்து முடித்ததும், தலையிலிருந்து கூடையைக்கூட இறக்காமல், பக்கத்துக் காம்பராப் பெண்கள் சிலரையும் சேர்த்துக்கொண்டு என்னை அந்த ஜன்னலுக்கு இழுத்துப்போனாள். பெரியம்மா தன் மகனைக் கூட்டிவந்திருந்தாள். அவன் எனக்கு அண்ணன் முறை. திக்குவாய். பனியில் கூடையும் இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்குமாக அந்தப் பெண்கள் வரிசையாக நின்றபோது, தேயிலைச் செடிகள் எழுந்து வந்து நிற்பதைப் போல இருந்தது. சத்தம் போட்டுவிடாமல் அம்மா என் வாயைக் கையால் பொத்தினாள். கையில் கொழுந்துச் சாயம் கசந்தது.

என் பெயர் வந்தது. அம்மாவின் கைக்குள் என் உதடுகள் அசையாமல் இருந்தன. உள்ளே நான் பேசினேன்.

அம்மாவின் கை சில்லிட்டதை என் கன்னத்தில் உணர்ந்தேன். குனிந்து என் முகத்தைப் பார்த்தாள், தகரத்தைப் பார்த்தாள், மறுபடி என் முகத்தைப் பார்த்தாள். பெற்றவள் இரண்டில் எதை நம்புவது என்று தெரியாமல் நின்ற அந்தப் பார்வையை நான் பிறகு எங்கும் கண்டதில்லை. அடுத்து அண்ணனின் பெயர் வந்தது. "வ... வ... வந்திருக்கேன்" என்றது உள்ளே. பெரியம்மா வாய்க்குள்ளேயே "முருகா" என்றாள்.

சிவபாலனின் அம்மா வெடிப்பில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"அவதான். கோமதிதான். அவ வாயிலருந்து நம்ம புள்ளைங்க பேசுதுங்க."

இன்றைக்கு இதையே தொலைக்காட்சியில் ஒருவர் மேடையேறிச் செய்தால் கைதட்டி, பல குரல் மன்னன் என்று பொன்னாடை போர்த்துகிறோம். எங்கள் தோட்டத்தில் அந்தக் கலைக்கு அப்போது பெயர் வைத்திருக்கவில்லை. வெறும் அறையில் உட்கார்ந்திருந்த ஒரு சிறு பிள்ளை, வராதவர்களையெல்லாம் தன் தொண்டைக்குள் வரவழைத்துக்கொண்டிருந்தாள். டீச்சர் முதலில் கூப்பிட்டாரா, இவள் முதலில் பதில் சொன்னாளா என்பது எனக்குத் தெரியாது. தாய்மார் கண்டுபிடித்தது ஒன்றே: பிள்ளைகளின் பேர் அவளிடம் சிக்கிக்கொண்டது.

பயத்தின் மிச்சத்தைச் சிவபாலனின் அம்மாதான் வாய்விட்டுச் சொன்னாள். "நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னு வையி. நம்ம புள்ளைங்க பேரையும் கூடவே கொண்டுக்கிட்டுல்ல போயிரும்?"

அன்றிரவு எந்த வீட்டிலும் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. "ஏய்", "இந்தா", "அடியே" என்று சமாளித்தார்கள். நான் சோற்றுக்குக்கூட "ஏய்" ஆனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, முனியாண்டி கோயிலடியில் பெரியப்பா உடுக்கையை எடுத்தார். பனி அன்று விலகவே இல்லை. உடுக்கைச் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று தெரியாதபடி எல்லாப் பக்கமும் சுற்றியது. அவர் தோள் குலுங்கத் தொடங்கியது; தொண்டையிலிருந்து ஓர் உறுமல்; சாமி வந்துவிட்டது.

"பேரு சிக்கிக்கிச்சு!" என்றது சாமி. "பேருக்குச் சொந்தக்காரன் நேராப் போயி பதில் சொல்லணும். அவ பக்கத்துல உக்காரணும். அவ குடிச்ச கோப்பையில தண்ணி குடிக்கணும். அப்பதான் பேரு கழண்டு வரும்!"

"சாமி, அந்தக் கோப்பையிலயா?" என்றாள் அம்மா.

"யாருகிட்ட கேக்குற? நான் இருக்கேன்ல? கூட்டிக்கிட்டுப் போறவனும் குடிக்கணும். ஒரு நாள் போனாப் பத்தாது. தெனமும் போகணும். இல்லாட்டித் திரும்பவும் சிக்கிக்கும்!"

டீச்சர் மருத்துவம் சொன்னபோது ஆயிரம் கேள்வி கேட்ட ஊர், சாமியிடம் அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. சாமி மலையேறிப்போனதும் பெரியப்பா மயங்கிக் கிடந்தார். தண்ணீர் தெளித்து எழுப்பி, பெரியம்மா நடந்ததைச் சொன்னாள்.

"நானா சொன்னேன்?"

"சாமி சொல்லுச்சு."

"என்னைய ஒரு வார்த்த கேக்காம அது எப்புடிச் சொல்லும்?" என்று அவர் கத்தியதில் நடிப்பு எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. முகம் வெளிறிப்போயிருந்தது. தன் மகனைக் கூட்டிப்போக வேண்டிய 'போறவன்' தான்தான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அதற்குப் பின் எவ்வளவோ புத்தகங்கள் படித்துவிட்டேன். மனத்தைப் பற்றி எழுதிய தடித்த புத்தகங்கள்கூட. அன்றைக்குப் பேசியது சாமியா, பெரியப்பாவா, அல்லது பெரியப்பாவுக்கே தெரியாமல் அவருக்குள் குடியிருந்த வேறு யாரோவா என்று ஒரு புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

பள்ளிக்கூடம் தப்பிவிட்டது. சங்கத்து ஆள் வந்தபோது பெஞ்சில் இடமில்லாமல் தரையிலும் பிள்ளைகள் இருந்தார்கள். டீச்சர் செய்த பிரசாரத்தின் வெற்றி என்று அவர் பாராட்டிவிட்டுப் போனதாகக் கேள்வி. வேனும் நிற்கவில்லை. கோமதியின் அம்மா அதில் பல தடவை கண்டிக்குப் போய்வந்தாள். இதெல்லாம் நல்ல சேதி. இத்தோடு நிறுத்தினால் நானும் நல்ல எழுத்தாளர் ஆகிவிடுவேன். ஆனால் திங்கட்கிழமை நடந்ததை இன்னும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மாலை நாங்கள் போனோம். தாய்மார் பின்னால் கை கட்டி நின்றார்கள். டீச்சருக்கு என்ன நடக்கிறதென்றே விளங்கவில்லை. ஆனாலும் கேள்வி கேட்காமல் பெயர் கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொருவராக எழுந்து சொந்த வாயால் பதில் சொன்னோம். நாங்கள் சொல்லும்போதெல்லாம் கோமதி எங்கள் வாயையே பார்த்திருந்தாள். அவள் உதடுகளும் சத்தமில்லாமல் கூடவே அசைந்தன. நான் பதில் சொன்னதும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, சரிதான் என்பது போல ஒரு சிரிப்பு. மெலிந்த முகத்தில் அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது எனக்கு முதுகு கூசியது. என்னைவிட நன்றாக அவள் என்னைச் சொல்லியிருந்தாள் என்று ஒரு சந்தேகம்.

பிறகு தண்ணீர். குடத்திலிருந்து மொண்டு அலுமினியக் கோப்பையில் முதலில் கோமதி ஒரு வாய் குடித்தாள், அடுத்து நாங்கள். நாங்கள் யார் முந்தி என்று இடித்துக்கொண்டோம். தாய்மார் கண்ணை மூடிக்கொண்டு, மருந்து குடிப்பதைப் போலக் குடித்தார்கள். கடைசியில் வாசற்படியோடு ஒட்டிக்கொண்டு நின்ற பெரியப்பா மட்டும் பாக்கி.

"எனக்குத் தாகமில்ல" என்றார்.

"தாகத்துக்கா குடிக்கச் சொல்லுச்சு? வாங்க மாமா" என்றாள் அம்மா.

"கையில ஊத்தும்மா. கையில ஏந்திக் குடிச்சுக்கிறேன்."

"கோப்பைன்னுதானே சொல்லுச்சு" என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். தன் சாமியோடு தர்க்கம் பண்ண முடியாத கோடாங்கி, கோப்பையை வாங்கினார். வாய்க்குக் கொண்டுபோகவும் முடியாமல், கீழே வைக்கவும் முடியாமல், கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

குடத்தை அணைத்துப் பிடித்தபடி எதிரே நின்ற கோமதி அவரை அண்ணாந்து பார்த்தாள். பார்த்துவிட்டுப் பேசினாள். அது எங்களில் யாருடைய குரலும் இல்லை. கனத்த, கொஞ்சம் கரகரத்த, ஒரு பெரிய ஆளின் குரல்.

"குடி மச்சான். ஒண்ணும் ஆவாது."

அந்தக் குச்சிக் கழுத்திலிருந்து ஆம்பளைக் குரல் வந்ததும் பிள்ளைகள் நாங்கள் கொல்லென்று சிரித்தோம். பெண்கள் ஒருத்தியும் சிரிக்கவில்லை. பெரியம்மா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். டீச்சர் கரும்பலகையின் பக்கம் திரும்பிக்கொண்டார். கோமதியின் அப்பா கொழும்புக்குப் போனபோது நாங்கள் எல்லாம் சின்னஞ்சிறுசுகள். அவர் எப்படிப் பேசுவார் என்று எங்களில் யாருக்கும் நினைவில்லை.

பெரியப்பா கோப்பைத் தண்ணீர் முழுவதையும் ஒரே மூச்சில் குடித்தார். அப்படியே படியில் உட்கார்ந்தார். தோள் குலுங்கத் தொடங்கியது. தொண்டையிலிருந்து உறுமல் போல ஏதோ வந்தது. எங்களுக்குத் தெரியாதா? சிரிப்பை அடக்கிக்கொண்டு சப்பணமிட்டு உட்கார்ந்து கை கூப்பினோம். அண்ணன் கோடாங்கி வீட்டுப் பிள்ளை, முறை தெரிந்தவன். லயத்துக்கு ஓடிப்போய் உடுக்கையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தான். அவர் அதைத் தொடவில்லை. முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டே இருந்தார். கோமதி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குடத்தைக் கீழே வைத்துவிட்டு, எங்களைப் பார்த்து அவளும் கை கூப்பிக்கொண்டாள்.

பனி வாசல் வழியாக உள்ளே வந்து பெஞ்சுகளை மூடியது. நாங்கள் காத்திருந்தோம். இவ்வளவு ஆட்டம் ஆடியும் சாமி ஏன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்றுதான் எனக்கு விளங்கவில்லை.